பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பின் பேக்கப்பிலிருந்து ஃபைல்களை மீட்பது எப்படி

மாமாவின் லேப்டாப் 2009 கடைசியில் வாங்கியது, விண்டோஸ் 7. பேரனின் காதுகுத்துப் படங்கள் இருந்த ஃபோல்டர் ஒருநாள் காணாமல் போய்விட்டது. நல்லவேளையாக, பீரோவில் ஒரு துணிக்கடைப் பைக்குள் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் கிடந்தது, அதில் எப்போதோ பேக்கப் போட்டிருந்தார். அதிலிருந்து எடுத்த வழிதான் இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஃபைல் காணாமல் போன லேப்டாப்பில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். பேக்கப் கைகொடுக்காவிட்டால் அழிந்ததை வேறு மென்பொருள் வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும், அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்பட்டுவிட்டால் அதுவும் முடியாது. டிஸ்கைச் செருகியதும் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சரி, டிஸ்க் நன்றாக ஓடுகிறது என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரெஸ்டோர்’ போங்கள். லேப்டாப்பே படுத்துவிட்டாலும் கவலையில்லை, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வசதி ‘பேக்கப் அண்ட் ரெஸ்டோர், விண்டோஸ் 7’ என்ற பெயரில் இருக்கிறது. அதில் ‘செலக்ட் அனதர் பேக்கப்’ என்று தொடங்கும் வரியை அழுத்தினால் டிஸ்கில் உள்ள பேக்கப்புகள் வரிசையாக வரும்.

இங்கேதான் நான் அரைமணி நேரம் ஏமாந்தேன். பேரன் பிறந்ததே 2013-ல், பட்டியலில் இருந்ததோ 2009 என்று போட்ட பேக்கப் ஒன்றுதான், இதில் எப்படி இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். லேப்டாப்புக்குள் தேதியைக் காப்பாற்றும் பொத்தான் பேட்டரி செத்துப் போயிருந்ததால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது பழைய தேதிக்கே போய்விடும், பேக்கப்பும் அதே தேதியோடு பதிவாகியிருக்கிறது. கணக்குக்கு ஒத்துவராத தேதி என்றாலும் திறந்து பார்த்துவிடுங்கள். பெயரைப் போட்டுத் தேடுவதைவிட ‘பிரவுஸ் ஃபார் ஃபோல்டர்ஸ்’ வழியாக உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மாமா அந்தப் படங்களை வைத்திருந்தது ‘நியூ ஃபோல்டர் 2’ என்ற ஃபோல்டரில்.

எங்கே வைக்கட்டும் என்று கேட்கும்போது பழைய இடத்தைக் கொடுக்காதீர்கள். அங்கே அதே பெயரில் புதிய ஃபைல் இருந்தால் மேலே எழுதட்டுமா என்று கேட்கும், நாமும் அவசரத்தில் ஆமாம் போட்டுவிடுவோம். வேறு டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்குங்கள்.

ரெஸ்டோர் பாதியில் பிழை காட்டி நின்றால் கைவழி ஒன்று இருக்கிறது. டிஸ்கில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரில் இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுங்கள், உள்ளே தேதி போட்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் சாதாரண ஜிப் ஃபைல்கள். முதல் தடவை முழு பேக்கப், அடுத்தடுத்த ஃபோல்டர்களில் பெரும்பாலும் மாறியவையும் புதியவையும் மட்டும் இருக்கும், அதனால் ஒரு ஃபோல்டரைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எல்லா ஜிப்பையும் செவன்-ஜிப் என்ற மென்பொருள் கொண்டு பிரிக்கலாம், ஆனால் பிரிக்கும் ஃபோல்டரின் பெயர் ஒரு எழுத்தாக இருந்தால் நல்லது, முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் தகராறு செய்யும்.

‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ என்ற ஃபோல்டர் இருந்தால் அது முழு டிஸ்கின் நகல். அதை ரெஸ்டோர் செய்யப் போகாதீர்கள், இப்போது இருப்பதெல்லாம் போய் அன்றைய நிலைதான் மிஞ்சும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘ஆக்‌ஷன்’ மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, ‘ரீட் ஒன்லி’ டிக் போட்டுத் திறந்தால் இன்னொரு டிரைவ் போலத் தெரியும், வேண்டியதைக் காப்பி செய்துகொள்ளலாம்.

அப்புறம், மீட்ட ஃபைல்களில் பத்திருபதையாவது திறந்து பாருங்கள். மாமாவின் பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தன, ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு செமிகோலன். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழிக்கப் போனவரைத் தடுத்து நிறுத்தினேன். அது பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு, புள்ளிக்கு அதில் செமிகோலன்தான். எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் தமிழாகிவிட்டன, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.