யானை என்றால் எந்த யானை? அமெரிக்கத் தேர்தலை மலையக வாசகருக்கு எழுதும் முறை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே தேநீர்க்கடையில் பத்திரிகையை விரிப்பவர், ‘ஜனாதிபதியின் சட்டமூலத்தைக் காங்கிரஸ் தோற்கடித்தது’ என்று படித்தால் அவருக்கு நினைவு வருவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். ‘யானை முன்னிலை’ என்றால் ஐக்கிய தேசியக் கட்சி. ‘சிவப்பு மாநிலங்கள்’ என்றால் ஜே.வி.பி.யின் கொடி. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி மலையகத்தாருக்குக் கருத்து எழுத உட்காருபவர் முதலில் இந்த இடறுகற்களை எடுத்துப் போட வேண்டும்.

காங்கிரஸை ‘அமெரிக்க நாடாளுமன்றம்’ என்றே எழுதுங்கள். தேவையான இடத்தில் பிரதிநிதிகள் சபை, செனட் என்று பிரியுங்கள். யானை குடியரசுக் கட்சி, கழுதை ஜனநாயகக் கட்சி என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சின்னங்களை விட்டுவிடலாம். சிவப்பு அங்கே வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் நிறம். வரைபடம் போட்டால் அடியில் நிறவிளக்கம் கட்டாயம். ‘இராஜாங்கச் செயலாளர்’ என்று எழுதினால் நம்மவர்கள் இராஜாங்க அமைச்சரைப் போல இரண்டாம் நிலைப் பதவி என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் வெளிவிவகார அமைச்சர். ஆளுநர் இங்கே ஜனாதிபதி நியமிப்பவர், அங்கே மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்பவர். ‘தேர்தல் கல்லூரி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதில் வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஜனாதிபதியை முறைப்படி தெரிவு செய்ய மாநிலவாரியாகத் தெரிவாகும் பிரதிநிதிகள் அவர்கள்; ‘தேர்வாளர் குழு’ போதும்.

அடுத்தது கணக்கு. தேர்வாளர் வாக்குகள் 538, வெல்ல 270. மேன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக எடுத்தவருக்கே அந்த மாநிலத்தின் முழுப் பங்கும் போகும். 2016இல் ஹிலரி கிளின்டன் நாடு முழுவதும் ஏறக்குறைய 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றது இதனால்தான். 2024இல் உண்மையான போட்டி ஏழு மாநிலங்களில் நடந்தது: பென்சில்வேனியா 19, ஜோர்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கொன்சின் 10, நெவாடா 6. ஏழையும் ட்ரம்ப் எடுத்து 312க்குப் போனார்.

ஆகவே ஒரு வேட்பாளரின் பேச்சை எடைபோடும்போது, அவர் யாருடைய வாக்குக்காகப் பேசுகிறார் என்று பாருங்கள். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறையைத் தடை செய்ய வேண்டும் என்று 2019இல் சொன்ன கமலா ஹாரிஸ், 2024இல் தடை செய்யமாட்டேன் என்றார். பென்சில்வேனியா எரிவாயு எடுக்கும் மாநிலம். அந்த 19ஐச் சொல்லாமல் ‘கொள்கை மாறினார்’ என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

மூன்றாம் வேட்பாளரைப் பற்றி எழுதும்போது நம்மூர் பழக்கம் நம்மை ஏமாற்றும். இங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு இடலாம். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பாதியைத் தாண்டாமல் 42.31 வீதத்தோடு நின்றதால், இலங்கை வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வசதி இல்லை. 2000இல் புளோரிடாவில் மூன்றாம் வேட்பாளர் ரால்ஃப் நாடருக்கு 97,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; புஷ் அங்கே வென்றது 537 வாக்குகளால். ‘மனசாட்சிப்படி மூன்றாமவருக்குப் போடலாமே’ என்று இங்கிருந்து அறிவுரை எழுதுவது சுலபம்.

கருத்துக்கணிப்பைப் பற்றி ஒரே விதி: ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்ட கணிப்பில் பிழை எல்லை கூட்டிக் கழித்து 3 புள்ளி, அதுவும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியே. 48க்கு 46 என்பதை ‘முன்னிலை’ என்று தலைப்பிட வேண்டாம்.

இனி வாக்குறுதிகள். ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள்: ஜனாதிபதி தன் கையெழுத்தால் தொடங்கக்கூடியது, நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டியது, மாநிலங்கள் தீர்மானிப்பது. வாக்குறுதிகளை அதில் பிரித்துப் போட்டால் பாதிப் பேச்சு காற்றிறங்கிவிடும். கருக்கலைப்பு 2022ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் மூன்றாம் மடிப்பில். தீர்வை வரி முதல் மடிப்பில் எங்களைச் சுட்ட விடயம்: 2025 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதம் என்று ட்ரம்ப் அறிவித்தார், ஓகஸ்டில் அது 20 ஆகக் குறைந்தது. இதை எழுதும் பலர் உடனே கொழுந்துக்கூடையைப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். நமது தேயிலையின் பெரிய சந்தை ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகள். அமெரிக்காவுக்கு அதிகம் போவது தைத்த ஆடை. அடி விழுவது தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளத்தில், அதன்வழி லயத்துக்கு வரும் பணத்தில். அதை எழுதுங்கள்.

‘தமிழருக்கு எந்தக் கட்சி நல்லது’ என்ற கேள்வி எப்படியும் வரும். கட்சிப் பெயரைக் கொண்டு பதில் சொல்லாதீர்கள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 2012, 2013, 2014 தீர்மானங்களை முன்னின்று கொண்டுவந்தது ஒபாமா நிர்வாகம். 2018இல் அந்தப் பேரவையை விட்டே வெளியேறியது ட்ரம்ப் நிர்வாகம். ஆனால் 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை விதித்ததும் அதே ட்ரம்ப் நிர்வாகம்தான். கமலா ஹாரிஸின் தாயார் சென்னைக்காரர் என்பதற்கு ஒரு வரி போதும். தாய்வழி உறவு கொள்கையாகாது.

குடியேறிகள் பற்றிய பகுதியில் மட்டும் தாராளமாக இடம் எடுங்கள், ஏனென்றால் இதில் மலையக வாசகருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்பது 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தம். தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இல்லாவிட்டால் இனிப் பிறக்கும் பிள்ளைக்கு அது கிடையாது என்று 2025 ஜனவரி 20ஆம் திகதி ட்ரம்ப் ஆணையிட்டார்; நீதிமன்றங்கள் அதை இடைநிறுத்தின. இங்கே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தது போதாது, தந்தைவழிப் பிறப்புக்கும் அத்தாட்சி காட்டு என்றது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஒரு நிபந்தனையே போதுமாக இருந்தது. ஒப்பிடுங்கள், ஆனால் உவமையை எல்லை மீற விடாதீர்கள்: ட்ரம்பின் ஆணை இனிப் பிறப்பவர்களைப் பற்றியது, 1948 ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது.

கடைசியாக நேரம். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2028 நவம்பர் 7. முடிவுகள் நமக்குப் புதன்கிழமை 8ஆம் திகதி காலையில் வரத் தொடங்கும். வழக்கமான நேரங்கள் மாறாவிட்டால் ஜோர்ஜியாவில் வாக்களிப்பு முடிவது நமது 5.30க்கு, பென்சில்வேனியாவில் 6.30க்கு, விஸ்கொன்சினிலும் அரிசோனாவிலும் 7.30க்கு, நெவாடாவில் 8.30க்கு, கலிபோர்னியாவில் 9.30க்கு. பென்சில்வேனியாவின் தபால் வாக்குகளைத் தேர்தல் தினத்துக்கு முன் பிரிக்கச் சட்டம் இடம் கொடுக்காததால் ஆரம்ப எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்து தெரியும், பிறகு திரும்பும். 2020இல் செவ்வாய் நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் வெற்றியாளரை அறிவித்தார்கள். கட்டுரையின் உடலைச் செவ்வாய் இரவே எழுதி வையுங்கள். தலைப்புக்கான இடம் வெறுமையாக இருக்கட்டும்.