அட்டாலிக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது எப்படி?

காங்கேயம், தாராபுரம் பக்கம் எந்தத் தோட்டத்து வீட்டின் அட்டாலியை, அதாவது பரணைத் துழாவினாலும் ஒரு பெட்டி கேசட் அகப்படும். மேலாகக் கடையில் வாங்கிய சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் கிடக்கும். அடியில், அட்டை இல்லாமல், 'பெரிய அக்கா கல்யாணம்', 'மாரியம்மன் நோம்பி, ரெண்டாம் ராத்திரி' (நோம்பி என்றால் திருவிழா) என்று பேனாவால் கிறுக்கிய சில இருக்கும். எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) பெட்டியும் அப்படித்தான். அதை முழுவதும் கணினியில் ஏற்றி முடித்ததிலிருந்து சொந்தத்தில் பலரும் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. விண்டோஸ் லேப்டாப்பில் மென்பொருள் நிறுவவும் கோப்புகளை நகலெடுக்கவும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மறுபடி கிடைப்பவை ஒரு பக்கம், இனிக் கிடைக்கவே கிடைக்காதவை இன்னொரு பக்கம். சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். கோயில் திடலில் ராத்திரி முழுக்க உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை (பொன்னர்-சங்கர் கதை) யாரோ ஒருவர் டேப் ரிக்கார்டரில் பிடித்திருந்தால், உலகத்தில் அது ஒரே ஒரு பிரதிதான். கல்யாணச் சீரில் பாடிய மங்கல வாழ்த்தும் அப்படியே. கம்பர் பாடிக் கொடுத்தது என்று கொங்கு நாட்டில் காலம் காலமாகச் சொல்லிவரும் அந்த வாழ்த்தின் வரிகள் அச்சில் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுப் பந்தலில் அன்று பாடியவரின் குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. உழைப்பு, நேரம், பணம் மூன்றையும் முதலில் இந்த இரண்டாவது கட்டுக்குச் செலவிடுங்கள்.

கையோடு இன்னொரு வேலை. கேசட்டின் மேல் விளிம்பில், இரு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒடித்துவிடுங்கள். பிறகு தவறி ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் மேலே பதிவாகாது.

படி 2: கணினியில் ஏற்றுவது

நல்ல கேசட் டெக் ஒன்று வேண்டும். யூஎஸ்பி முனையோடு விற்கும் கையடக்கக் கேசட் பிளேயர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, பாட்டு அலைபாயும். பழைய டெக்கைத் தூசி தட்டி, புது பெல்ட் போட்டு வாங்கினால் அதுவே மேல். நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொள்ளுங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடென்றால் அடிக்கடி துடைக்க வேண்டும். பஞ்சுத் தூசி அங்கேதான் போய் அப்பும். தறிச் சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒலி ஒயர் வழியாகவே போகிறது.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், டெக்கில் போடாதீர்கள். மற்றவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா கொஞ்சம் இளகும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியே வரும் துளை) கணினிக்கு ஒயர். இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் மைக் துளை மட்டுமே உண்டு, லைன் இன் கிடையாது. மைக் துளையில் கொடுத்தால் ஒலி கரகரத்து உடையும். லைன் இன் உள்ள சிறிய யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓடும் மின்சார இரைச்சல் பல வீடுகளில் அந்த ஒரு காரியத்திலேயே நின்றுவிடுகிறது.

மென்பொருள் ஆடாசிட்டி. இலவசம், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சாம்பிள் ரேட்டை 44,100 ஹெர்ட்ஸ் வைத்து, உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடக் கேசட் ஏற 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை.

இரைச்சல் நீக்கும் வசதியை மூலப் பதிவில் கை வைக்க விடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். டேப்பின் 'ஸ்ஸ்' சத்தத்தோடு உடுக்கையின் கூர்மையான அடியையும் அது மழுக்கிவிடும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தையும் தின்றுவிடும். வேண்டுமானால் கேட்பதற்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து அதில் செய்யுங்கள்.

படி 3: எந்த வடிவில் வைப்பது

இனிக் கிடைக்காதவை எல்லாம் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவில். சிடி தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி சுருக்காமல் வைத்தால் சுமார் 635 எம்பி. ஃப்ளாக் அதில் ஒரு துளியும் இழக்காமல் பெரும்பாலும் பாதியை ஒட்டிய அளவுக்குச் சுருக்கிவிடும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 144 எம்பிதான், ஆனால் அது ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்ப வராது. எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றினாலும் இழந்தது இழந்ததுதான். 1 டிபி ஹார்டு டிஸ்கில் ஆயிரக்கணக்கான மணி நேர ஃப்ளாக் அடங்கும் காலத்தில் மூலப் பதிவுக்கு இடத்தை மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. போனுக்கு வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: பெயர் வைப்பது (இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்)

ஆங்கிலக் கையேடுகளில் பெரும்பாலும் இந்தப் படி இருக்காது. தமிழில் பெயர் வைக்கிற நமக்குத்தான் இந்தச் சிக்கல் வரும்.

விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடும், வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளில் கணக்கு வேறு: 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'கொங்கு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறி, 18 பைட். ஆக, தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பது 85 குறிகள்தான். 'அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு, மாரியம்மன் கோயில் நோம்பி, இரண்டாம் நாள் இரவு, கேசட்டின் முதல் பக்கம்' என்று நீட்டி முழக்கினால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பும்போது பிழை காட்டி அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிடும். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஓடும்போது ஒரு கோப்பு விடுபட்டது கண்ணில் படாது.

இன்னொரு கண்ணி 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளில் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்தே வைத்தன. அங்கிருந்து வந்த 'கொங்கு' ஃபோல்டரும் விண்டோஸில் நீங்கள் தட்டச்சு செய்த 'கொங்கு' ஃபோல்டரும் கணினிக்கு வெவ்வேறு. நகலெடுத்த பிறகு ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும், பாட்டுகள் இரண்டிலும் சிதறிக்கிடக்கும். அப்படிக் கண்டால் உள்ளே இருப்பதை ஒரே ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, காலியானதை நீக்குங்கள்.

இதற்காகத் தமிழைக் கைவிட்டு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கோப்புப் பெயர் சுருக்கமாக, முன்னால் மூன்று இலக்க எண்ணோடு இருக்கட்டும்: '001 அண்ணன்மார் கதை'. பல ராத்திரி நீளும் கதைக்கு எண் முக்கியம். வெறுமனே 1, 2, 10 என்று போட்டால் பல கருவிகள் 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். முழு விவரத்தை எம்பி3டேக் என்ற மென்பொருளால் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். ஃப்ளாக்கில் தமிழ் சிக்கலில்லாமல் உட்காரும், நீளத்துக்கும் குறைவில்லை. பாடியவர், ஊர், வருடம், யார் பதிவு செய்தது, கேசட் யாருடையது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். 'அப்பிச்சி, இது யார் குரல்?' என்று கேட்டால் இரண்டு நொடியில் பதில் வரும். அவர் போன பிறகு அந்தப் பதிலை எந்த மென்பொருளும் தராது.

படி 5: நகல் எடுப்பது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியை அப்படியே கடைப்பிடியுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். என் வீட்டில் லேப்டாப்பில் ஒன்று, அலமாரியில் உள்ள ஹார்டு டிஸ்கில் ஒன்று, உடுமலையில் அக்கா வீட்டில் ஒன்று. பொங்கலுக்குப் போகும்போது புது நகலைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். டிஸ்குகளை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனியில் வாங்காதீர்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே படுத்துவிட வாய்ப்பு உண்டு.

கிடைக்காதவற்றை மட்டும் கூகுள் டிரைவிலும் போடலாம். 15 ஜிபி இலவசம். ஆனால் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். 2015-க்கு முன்பு ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டதை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒப்புக்கொண்டது 2019-இல் தெரியவந்தது. அங்கேயே விட்டுவைத்த கலைஞர்கள் பலருக்கு வேறு பிரதி இல்லை.

நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் 'மிரர்' என்றும் 'அப்டேட்' என்றும் இரண்டு முறைகள் உண்டு. மிரர் இடது பக்கம் (லேப்டாப்) இருப்பதை அப்படியே வலது பக்கம் (டிஸ்க்) ஆக்கும். லேப்டாப்பில் தவறி அழித்த பாட்டு டிஸ்கிலும் அழியும். அப்டேட் எதையும் நீக்காது. ஆனால் நீங்கள் பெயர் மாற்றிய ஒவ்வொரு பாட்டும் பழைய பெயரிலும் புதுப் பெயரிலுமாக இரண்டாகத் தங்கும், ஒரு வருடத்தில் ஃபோல்டர் குப்பையாகிவிடும். நான் மிரரைத்தான் வைத்திருக்கிறேன், கூடவே 'வெர்ஷனிங்' வசதியோடு. நீக்கப்படும், மாற்றப்படும் கோப்புகளை அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு அது நகர்த்திவிடும்.

முதலில் 'கம்பேர்' மட்டும் அழுத்துங்கள். எத்தனை கோப்புகள் சேரும், எத்தனை நீங்கும் என்று கீழே காட்டும். நீங்கள் எதையும் அழிக்காத மாதத்தில் நூறு கோப்புகள் நீங்கப்போவதாகக் காட்டினால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். இந்த எண்ணைப் பார்க்காமல் ஒருநாளும் அடுத்த பொத்தானைத் தொடாதீர்கள்.

வெளி டிஸ்குகள் பலவும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வருகின்றன. பாதி நகலெடுக்கும்போது கரண்டு போனாலோ ஒயர் பிடுங்கப்பட்டாலோ அதைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எக்ஸ்ஃபேட்டில் மிகக் குறைவு. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவர்கள், டிஸ்க் காலியாக இருக்கும்போதே விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு நகலெடுக்க உட்காருங்கள்.

படி 6: சோதிப்பது

ஃப்ளாக் கோப்புக்குள் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கும். ஃபூபார்2000 பிளேயரில் 'ஃபைல் இன்டெக்ரிட்டி வெரிஃபையர்' என்ற துணைக்கூறைச் சேர்த்துக்கொண்டு, ஃபோல்டரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' கொடுத்தால், கெட்டுப்போன கோப்பு எது என்று பெயரோடு சொல்லிவிடும். எம்பி3-இல் இந்த அளவுக்கு உறுதி கிடையாது. நான் ஃப்ளாக்கை வலியுறுத்த இதுவும் ஒரு காரணம். டிஸ்கின் உடல்நிலையை அறிய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். நிறம் மஞ்சளாக மாறினால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்கிவிடுங்கள்.

வருடம் ஒருமுறை, அலமாரி டிஸ்கை வேறொருவர் லேப்டாப்பில் செருகி நாலு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். டிஸ்க் பெட்டிக்குள் ஒரு தாளில், இதில் என்ன இருக்கிறது, எதில் திறப்பது என்று எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் எடுக்கப்போகிறவர் உங்கள் பிள்ளையாகவோ மருமகளாகவோ இருக்கலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், எம்பி3டேக்கில் பாடகர் பெயரைத் திருத்தியும் ஃப்ரீஃபைல்சிங்க் அதை நகலெடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். காரணம், ஃப்ளாக் கோப்பில் விவரங்களுக்கென்று முன்கூட்டியே காலியிடம் விடப்பட்டிருக்கிறது. சின்னத் திருத்தம் அதற்குள் அடங்குவதால் கோப்பின் அளவு மாறுவதில்லை. எம்பி3டேக் அமைப்பில் 'மாற்றிய நேரத்தைப் பாதுகாக்கவும்' என்ற விருப்பமும் அவரிடம் இயக்கத்தில் இருந்தது. அளவும் நேரமும் மாறாததால் இரண்டு கோப்பும் ஒன்றே என்று ஃப்ரீஃபைல்சிங்க் முடிவு கட்டிவிட்டது. அந்த விருப்பத்தை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே திருத்தியவற்றுக்கு, ஒப்பிடும் முறையை ஒருதடவை மட்டும் 'உள்ளடக்கம்' என்று மாற்றி ஓட்டுங்கள். ராத்திரி முழுக்க ஓடும், விட்டுவிடுங்கள்.

அலமாரிப் பிரதிக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மின்சாரமே பார்க்காமல் நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால், அதிலும் ஏற்கெனவே நிறைய எழுதித் தேய்ந்தது என்றால், எஸ்எஸ்டி பதிவை இழக்கக்கூடும். தினமும் ஓடும் லேப்டாப்புக்குள் அது இருக்கட்டும். பூட்டி வைப்பதற்குச் சாதாரண ஹார்டு டிஸ்கையே வாங்குங்கள்.