பாரதக் கூத்துக்கு ஒரு வார இறுதி: வடதமிழகம் செல்லும் கூத்து ரசிகர்களுக்கான வழிகாட்டி

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், இராணிப்பேட்டை மாவட்டங்களின் சிற்றூர்களில் பங்குனி தொடங்கி வைகாசி முடியும் வரை, அதாவது மார்ச் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடு வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடைபெறும். பிற்பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பாரதப் பிரசங்கமும், பிரசங்கம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியபின் இரவுதோறும் தெருக்கூத்தும், இறுதி நாளில் போர்க்களச் சடங்கான படுகளமும் தீமிதியும் என விழா பல நாள் நீளும். வெளிநாட்டிலிருந்து சில வார விடுப்பில் வருபவர் அத்தனை நாளும் ஓர் ஊரில் தங்குவது இயலாது. ஆயினும் இறுதி வார இறுதி ஒன்றை மட்டுமாவது முழுமையாக ஒதுக்கும்படி கூத்தின் பாட்டையும் தாளத்தையும் நேசிப்பவர்களைக் கேட்டுக்கொள்வேன். நகர அரங்குகளில் சுருக்கி ஆடப்படும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அக்கலையின் ஒரு துண்டுதான் கிடைத்திருக்கும். இங்கோ இரவு ஆடப்பட்ட போர், மறுநாள் காலை ஊர்ப் பொதுவெளியில் சடங்காகத் தொடர்கிறது.

பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன் எந்த ஊரில் எப்போது விழா என்று அறிந்துகொள்ள வேண்டும். எல்லா ஊர்களுக்குமான பொது அட்டவணை என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஊரும் தன் விழாப் பத்திரிகையை அச்சிட்டு, எந்த நாளில் எந்தப் பிரசங்கம், எந்த இரவில் எந்தக் கூத்து, எந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடுகிறது என்று அதில் தெரிவிக்கும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி ஆகிய ஊர்ப் பக்கம் உறவினரோ நண்பரோ இருந்தால், அந்தப் பத்திரிகையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் யூடியூபில் தங்கள் கூத்துகளைப் பதிவேற்றும் ஜமாக்களைத் தொடர்புகொண்டு கேட்கலாம். ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியார்கள் தொலைவிலிருந்து அக்கறையோடு விசாரிப்பவர்களுக்குப் பொறுமையாகவே பதில் சொல்வார்கள்.

பத்திரிகை கையில் கிடைத்ததும் கூத்தின் பெயர்களைக் கவனியுங்கள். வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், இராஜசூய யாகம், துகில் (திரௌபதியின் துகிலுரிப்பு), அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்பது ஏறத்தாழ வழக்கமான வரிசை. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கும். அர்ச்சுனன் தபசன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் விபூதியும் வீசுவார். குழந்தை வேண்டிக் காத்திருக்கும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே நிற்பார்கள். ஒரே வார இறுதிதான் உண்டு என்றால், இசைக்காகக் கர்ண மோட்சத்தையும், விழாவின் முழுமைக்காகப் பதினெட்டாம் போரையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்ப்பதே சிறந்தது. தீமிதியை ஞாயிறன்று வைக்கும் ஊரானால் வெள்ளி, சனி இரவுகளும் ஞாயிறு பகலும் உங்களுக்குப் போதும்.

தங்குமிடத்தைச் சிற்றூரில் எதிர்பார்க்க வேண்டாம். வடக்கே உள்ள ஊர்களுக்குக் காஞ்சிபுரமும், தெற்கே உள்ளவற்றுக்குத் திருவண்ணாமலை அல்லது திண்டிவனமும் வசதியானவை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து செய்யாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் பௌர்ணமி நாள்களில், குறிப்பாகச் சித்திரா பௌர்ணமியில், கிரிவலக் கூட்டத்தால் அறை கிடைப்பதே அரிது என்பதால் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் சிற்றூர்களுக்குப் பேருந்து இராது. ஆகவே ஓட்டுநருடன் வாடகைக் கார் ஒன்றை இரண்டு இரவுகளுக்கும் பேசிக்கொள்வதும், அந்த ஓட்டுநர் பகலில் உறங்க வழிசெய்வதும் அவசியம்.

கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கும் என்றாலும் எட்டு மணிக்கே ஊருக்குள் சென்றுவிடுங்கள். வேடம் கட்டும் இடத்தில் நடிகர்கள் தாமே கண்ணாடி பார்த்து அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, இலேசான மரத்தில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்வதைப் பார்ப்பது பேறு என்றே சொல்வேன். ஆனால் வாத்தியாரிடம் அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்ல வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு ஓரமாக அமர்ந்து, அவர்கள் பேச விரும்பினால் மட்டும் பேசுங்கள். முழு இரவும் பாடப்போகும் குரல்கள் அவை.

ஆடுகளமான களரியில் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும், சிறு ஊதுகருவியான முகவீணையும் முழங்கி ஊரை அழைத்ததும், கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கிவைப்பான். பெரிய வேடங்கள் இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடித் தம்மை அறிவித்து, திரை விலகியதும் கிறுகி அடவிட்டுச் சுழன்று வெளிப்படும். இசைக்காக வருபவர்கள் பின்பாட்டுக்காரர்களுக்கு அருகில் இடம் பிடிக்கட்டும். நடிகர் பாடும் அடியை அவர்கள் வாங்கி உயர்த்தும் விதமும், முகவீணையின் கூரிய ஒலி அக்குரல்களுக்கு மேலே எழுவதும் ஒலிபெருக்கிக்கு அருகில் அமர்ந்தால் சரியாகக் கேளா. முகவீணை வாசிப்போர் இப்போது குறைந்துவிட்டார்கள். அதனால் பத்திரிகையைப் பார்க்கும்போதே அந்த ஜமாவில் முகவீணைக்காரர் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விடியும் வரை அமர்வதற்குப் பாயும் மெல்லிய போர்வையும் கொசு விரட்டியும் தண்ணீரும் கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை வசதி பல ஊர்களில் போதாது. பெண்கள் மாலையிலேயே கோயிலுக்கு அருகிலுள்ள ஒரு வீட்டாரிடம் பேசி வைத்துக்கொள்வது நலம். மே மாதத்தில் கத்தரி வெயில் கடுமையாக இருக்குமாதலால், பகலில் அறைக்குத் திரும்பி உறங்கியே தீர வேண்டும். படம் எடுப்பவர்கள் ஒளிவீச்சை அறவே தவிர்க்க வேண்டும். துகில் கூத்திலும் படுகளத்திலும் நடிகருக்கும் பார்வையாளருக்கும் அருள் வருவதுண்டு. அவர்களின் முகத்துக்கு அருகே கைப்பேசியை நீட்டாதீர்கள். அன்பளிப்பு தர விரும்பினால் கட்டியங்காரனிடம் கொடுக்கலாம், அவர் உங்கள் பெயரையும் ஊரையும் களரியில் அறிவிப்பார். விளம்பரம் வேண்டாதவர்கள் கூத்து முடிந்தபின் வாத்தியாரிடம் கொடுத்தால் ஜமா முழுவதற்கும் போய்ச் சேரும்.

பதினெட்டாம் போர் முடியும் காலையில் எக்காரணம் கொண்டும் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஊர்ப் பொதுவெளியில் துரியோதனன் களிமண்ணால் பேருருவாகப் படுத்திருப்பான். வேடம் கலையாத வீமன் அவனது தொடையில் அடிக்க, அங்கு வைக்கப்பட்டிருக்கும் செந்நிற நீர் கொப்பளிக்க, சபதம் நிறைவேறிய திரௌபதி கூந்தலை முடிவாள். பின்னர் மக்கள் அந்த உருவத்தின் மண்ணைத் தங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் எடுத்துச் செல்வார்கள். மாலையில் தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களே குழியில் இறங்குவார்கள். அந்த நேரத்து உணர்ச்சியில் தாமும் இறங்க முற்படுவது ஊரையும் அம்மனையும் மதிக்காத செயல். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலின் தீமிதியையோ இலங்கையின் பாண்டிருப்பு, உடப்பு திரௌபதை அம்மன் விழாக்களையோ அறிந்தவர்களுக்கு இவற்றில் பலவும் பழகியவையாகவே இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்விழாக்கள் சாதிப் பிணக்கிலிருந்து விடுபட்டவை அல்ல. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் வழிபடுவதைத் தடுத்ததால் எழுந்த பிணக்கில் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. எல்லாரும் நுழையும் கோயிலா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

கோடையில் வர முடியாதவர்களுக்குச் செய்யாறு வட்டத்திலுள்ள புரிசை உண்டு. கூத்துப்பட்டறை நாடகக் குழுவை நிறுவிய ந. முத்துசாமிக்குக் கூத்தின் நுட்பங்களைக் காட்டிய கண்ணப்பத் தம்பிரானின் ஊர் அது. அவர் நினைவாக அங்கு நடக்கும் விழாவில் கூத்தோடு நவீன நாடகங்களும் இரவு முழுவதும் நிகழும். அவர் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பொங்கலுக்கு வருபவர்கள், 2023 முதல் அரசு மீண்டும் நடத்தும் சென்னை சங்கமத்தில் பல கலைகளைச் சிறு சிறு அளவில் பார்க்கலாம். அங்கே பிடித்துப்போன குழுவிடம் கோடையில் எந்த ஊர்களில் ஆடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த பயணத்துக்கு உதவும்.

திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்குப் பதிவு செய்யாதீர்கள். தீமிதி முடிய இருட்டிவிடும். திருவிழாக் கூட்டத்தில் கார் ஊரைவிட்டு வெளியேறவே நேரமாகும். திங்கள் மாலைக்குப் பிந்திய விமானமே பாதுகாப்பானது.