சிறு ஆவணப்படத்தைத் தொகுக்க உதவும் இணையக் கருவிகள்: எதை, எந்தக் கட்டத்தில் எடுப்பது

படத்தொகுப்புக்கான கருவிகள் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுபவை டிரான்சிஷன் தொகுதிகளும், ஒரே சொடுக்கில் சினிமா நிறம் ஏற்றித் தருவதாகச் சொல்லும் லட் கோப்புகளும்தான். அவை இல்லாமல் நின்றுபோன படம் அநேகமாக இல்லை. பேச்சும் உதடும் பொருந்தாமல் போவது, பின்னணி இசைக்கு உரிமைக் கோரிக்கை வருவது, தமிழ் எழுத்து திரையில் உடைந்து தெரிவது ஆகியவற்றால் நின்றுபோகும் படங்கள்தாம் அதிகம். ஆகவே, பாதி கேமராவிலும் பாதி கைபேசியிலும் எடுக்கப்பட்ட இருபது நிமிட ஆவணப்படம் ஒன்றை வீட்டுக் கணினியில் தொகுப்பதாக வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்தக் கருவி தேவைப்படும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரு வீடியோ கோப்பை அதில் இட்டால், அதன் கோடெக் (காட்சியைச் சுருக்கியிருக்கும் முறை), அளவு, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படச்சட்டம்), ஒலியின் மாதிரி வீதம் ஆகிய அனைத்தையும் அது காட்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது, ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்று சொல்லும் வரி. கைபேசிகள் வெளிச்சத்துக்கும் தங்கள் வேலைப்பளுவுக்கும் ஏற்ப ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால், பெரும்பாலான கைபேசிக் கோப்புகளில் அந்த வரி 'வேரியபிள்' என்றே இருக்கும். எடிட்டிங் மென்பொருள்களோ சீரான இடைவெளியை எதிர்பார்ப்பவை. அதனால்தான் தொடக்கத்தில் சரியாகப் பொருந்தியிருக்கும் நேர்காணலின் ஒலி, பத்து நிமிடம் கடந்ததும் உதட்டசைவை விட்டு விலகத் தொடங்குகிறது. டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடத்தில்) ஒலியை நகர்த்தி நகர்த்தி இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. கோப்பைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கு ஷட்டர் என்கோடர் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியின் மேல் பொத்தான்களும் பட்டியல்களும் வைத்துக் கட்டப்பட்ட இலவச மென்பொருள் இது. கைபேசிக் கோப்புகளை நிலையான ஃபிரேம் ரேட்டுடன் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற, தொகுப்பதற்கு ஏற்ற, குறைவாகச் சுருக்கிய வடிவத்துக்கு இதில் மாற்றிக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக்கும் ஃபிரேம் ரேட்டை நிலைப்படுத்தும். ஆனால் அது எச்.264 போன்ற மிகுதியாகச் சுருக்கிய வடிவங்களையே பெரும்பாலும் தருவதால், முடிந்த படத்தைச் சிறிதாக்குவதற்குத்தான் பொருத்தம். புரோரெஸ் கோப்புகள் இடத்தை விழுங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்: 1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், புரோரெஸ் 422 வடிவில் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 55 ஜிபி பிடிக்கும், அதையே சற்றுக் கூடுதலாகச் சுருக்கும் எல்டி வகை 38 ஜிபி பிடிக்கும். கைபேசிக் காட்சிகளுக்கு எல்டி தாராளம்.

தொகுக்கும் மென்பொருளைப் பற்றிய விவாதங்களுக்கு முடிவே இல்லை என்பதால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கணினியில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 3840 x 2160 அளவு வரையிலும் நொடிக்கு 60 ஃபிரேம் வரையிலும் அது படத்தை வெளியிடுகிறது, நீர்முத்திரை எதையும் பதிப்பதில்லை. பழைய கணினியாக இருந்தால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் நன்று. இரண்டும் திறமூல மென்பொருள்கள், இரண்டிலும் ப்ராக்ஸி வசதி (தொகுக்கும்போது மட்டும் சிறிய நகல்களை வைத்து வேலை செய்வது) உண்டு. எதை எடுத்தாலும், கிளிப்புகளை அடுக்கத் தொடங்கும் முன் டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை முடிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் ரிசால்வில் கிளிப்புகள் ஏறிவிட்ட டைம்லைனுக்கு அதைப் பிறகு மாற்ற இயலாது. கேமரா 25-இலும் கைபேசி 30-இலும் பதிவு செய்திருப்பது நம் ஊரில் வழக்கமாக நேர்வதுதான். பெரும்பகுதி எதில் உள்ளதோ அதையே டைம்லைனுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருளைக் கற்றுக்கொள்ள யூடியூப் காணொளிகளைத் துரத்துவதைவிட, ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் தளத்தில் உள்ள பயிற்சிப் பக்கத்துக்குச் செல்வது மேல். முழுப் பயிற்சி நூல்களும் அவற்றுக்கான காட்சிக் கோப்புகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. கேமராவிலிருந்து வந்த மூலக் காட்சிகளில் நிறத்திருத்தமும் விஎஃப்எக்ஸ் எனப்படும் காட்சி விளைவுகளும் பழக விரும்புவோருக்கு, பிளெண்டர் அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் 4கே மூலக் காட்சிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிப்பது), திறந்த ஊடக வடிவங்களை உருவாக்கும் ஸிஃப் அமைப்பின் தளத்தில் உள்ளன. இணைய வேகம் குறைவான இடத்திலிருந்து இறக்குவோர் ஓரிரு ஷாட்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிறர் எடுத்த காட்சியையும் ஒலியையும் சேர்க்கும் கட்டம்தான் மிகவும் நிதானம் தேவைப்படும் இடம். பத்து நொடிக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பதிப்புரிமை பாதிக்காது என்றும், முப்பது நொடி வரை அனுமதி உண்டு என்றும் எடிட்டிங் அறைகளில் உலவும் பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு விமர்சனம், செய்தி போன்ற சில நோக்கங்களுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நொடிக் கணக்கு எதையும் அது சொல்லவில்லை. இச்சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆயினும் ஒரு பழைய பாடலின் ஒலிப்பதிவு அந்தக் காலத்தைக் கடந்திருந்தாலும், பாடலாசிரியரின் வரிகளுக்கும் இசையமைப்பாளரின் மெட்டுக்கும் அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை தனியே உரிமை தொடர்வதால், 'பழைய பாட்டுதானே' என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

ஒலிக்குறிப்புகளுக்கு, பார்சிலோனாவிலுள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளம் சிறந்த இடம். மழை, ரயில், சந்தை இரைச்சல் என எதுவும் அங்கே கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வகை வேறு. சிசி ஜீரோ என்றால் தடையில்லாமல் பயன்படுத்தலாம். பிஒய் என்றால் பதிவு செய்தவரின் பெயரைப் படத்தில் குறிப்பிட வேண்டும். என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. விளம்பர வருவாய் பெறும் யூடியூப் படத்தில் அதைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு. பிபிசியின் ஒலிக் காப்பகம் அள்ளக் குறையாத செல்வம் என்றாலும், அதன் இலவச அனுமதி சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆய்வு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது.

இசையைத் தேர்வோர் பலரும் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. அசையும் படத்தோடு இசையைக் காலப்பொருத்தமாக இணைப்பது தழுவல் ஆக்கமாகவே கருதப்படும் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் பத்திரமே கூறுகிறது. அதன் விளைவாக, தழுவல்களைத் தடுக்கும் என்டி உரிமம் கொண்ட இசையில் ஒரு சுரத்தைக்கூட மாற்றாவிட்டாலும் அதைப் படத்தில் சேர்த்து வெளியிட முடியாது. எஸ்ஏ உரிமம் கொண்ட இசையைச் சேர்த்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிடும் கடமை வந்து சேரும். இந்தச் சிக்கல் வேண்டாம் என்போர் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யூடியூபில் மட்டும் வெளியாகும் படத்துக்கு அது வசதி.

பழைய காட்சிகளுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலுள்ள, பழைய கல்விப் படங்களும் விளம்பரப் படங்களும் கொண்ட பிரெலிங்கர் தொகுப்பும், நாசாவின் காணொளிகளும் பயன்படும். நாசாவின் காட்சிகளுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. அதன் சின்னத்தைப் பயன்படுத்துவதற்கும், அடையாளம் தெரியும் மனிதர்களை விளம்பரத்தில் காட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆர்கைவ் தளத்தில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்து என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அங்கே ஏற்றலாம். அரசின் படப்பிரிவாக இருந்து, இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைக்கப்பட்டுவிட்ட பிலிம்ஸ் டிவிஷனின் ஆவணப்படங்கள் யூடியூபில் இருப்பதும் நாம் பார்ப்பதற்குத்தான். வெட்டிச் சேர்க்க வேண்டுமானால் எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். எந்த மூலமானாலும், கோப்பை இறக்கிய நாளிலேயே அந்தப் பக்கத்தின் முகவரியையும் உரிமத்தையும் ஒரு விரிதாளில் குறித்து, பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள், ஏனெனில் ஆறு மாதம் கழித்து உரிமைக் கோரிக்கை வரும்போது அந்தப் பக்கமே மறைந்திருக்கக்கூடும்.

தமிழ் எழுத்துகளுக்கு வருவோம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், மீரா இனிமை ஆகிய எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் திறந்த உரிமம் படத்தில் பயன்படுத்துவதற்குத் தடை விதிப்பதில்லை. எழுத்துரு சரியாக இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் குறை மென்பொருளின் எழுத்து அமைப்பில் இருக்கிறது. அடோபி பிரீமியரில் அமைப்புகளுக்குள் சென்று, கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தால் இது சரியாகும். வேறு மென்பொருளில் வழி தெரியாவிட்டால், தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வைத்துவிடலாம்.

சப்டைட்டிலுக்கு சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் கருவியை அதற்குள்ளிருந்தே இயக்கலாம். விஸ்பருக்குத் தமிழும் தெரியும். வட்டார வழக்கிலும் ஊர்ப் பெயர்களிலும் அது தரும் வரிகளை வரிக்கு வரி திருத்தியே ஆக வேண்டும். நேரக் குறிப்புகள் தாமாகவே அமைந்துவிடுவதுதான் உண்மையான ஆதாயம். உரை ஒருங்குறியில் இருக்க வேண்டும், எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து தரப்பட்ட வசனத்தை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஒரு சப்டைட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் பொதுவில் வைத்திருக்கும் நடைக்கையேடு நல்ல வழிகாட்டி. அதிகபட்சம் இரண்டு வரி, அதிகபட்சம் ஏழு நொடி என்ற அதன் பொது வரையறை ஆவணப்படத்துக்கும் பொருந்துகிறது.

ஒலி அளவைக் காதால் மட்டும் முடிவு செய்யாமல், யூலீன் லவுட்னெஸ் மீட்டரின் இலவசப் பதிப்பிலோ ரிசால்வில் ஒலிக்கென உள்ள ஃபேர்லைட் பக்கத்திலோ அளந்து பார்க்க வேண்டும். யூடியூப் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒலிக்கும் படங்களைத் தானே தணித்துவிடும்; ஆனால் மெல்ல ஒலிப்பதை உயர்த்தித் தருவதில்லை. ஐரோப்பிய ஒளிபரப்புத் தரமான ஆர்128 கேட்பது -23. ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்பை அனுப்ப முடியாது. விழாவோ தொலைக்காட்சியோ கேட்டால், அவர்களது தொழில்நுட்பக் குறிப்பை வாங்கித் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

வேலை முடிந்தபின் திட்டத்தைச் சேமிக்கும்போது, ரிசால்வில் புராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்தால் வெட்டுகளின் விவரம் மட்டுமே வெளிவரும், காட்சிக் கோப்புகள் வராது. காட்சிகளையும் சேர்த்துக் கட்டி எடுக்க ஆர்கைவ் என்ற தேர்வைப் பயன்படுத்தி, அதை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, சப்டைட்டில் கோப்பு, எழுத்துருக்கள், உரிமங்களைக் குறித்த விரிதாள் ஆகியவற்றையும் அதே அடைவில் போட்டுவையுங்கள்.