ஐந்து பக்கத் தாயக்கட்டை செய்வது எப்படி

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, தாயக்கட்டைக்கு ஏன் நாலு பக்கம்தான்? அஞ்சு பக்கம் வச்சா உருளாதா?"

உருளும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைகிற வீட்டில் பிறந்தவள். கடைசல் மெஷின் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கும், இந்தக் கட்டையைச் சரியாக உருள வைக்க மூன்று முறை மரம் வீணானது. உங்களுக்கு வீணாக வேண்டாம்.

முதலில் வடிவம். ஒரு பகடை நேர்மையாக விழுமா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: எண்களை அழித்துவிட்டு எந்தப் பக்கத்தைக் காட்டினாலும், அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியக் கூடாது. கனசதுரத்தில் சொல்ல முடியாது. நாலு பக்கத் தாயக்கட்டையிலும் முடியாது. முனைகள் இரண்டும் வேறு மாதிரி இருக்கின்றனவே என்றால், கட்டை நீளமாக இருப்பதால் அது முனையில் நிற்பதே இல்லை. இந்த யோசனை மிகப் பழையது. கீழடியில் கிடைத்த தந்தப் பகடையும் நீள்சதுரம்தான். நீளக் கட்டையின் பெருமையே, அதில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது. ஐந்து, ஏழு, எதுவானாலும் சரி.

ஐந்து பக்கம் வேண்டும் என்றவுடன் பலர் முக்கோணப் பட்டகத்தை, அதாவது மேலும் கீழும் முக்கோணம், சுற்றிலும் மூன்று செவ்வகம் உள்ள குட்டை வடிவத்தை வரைவார்கள். அதைத் தவிருங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைத்து ஐந்தும் சமமாக விழும்படி செய்துவிடலாம் என்று தோன்றும். சிமெண்டுத் தரையில் சரியாக வந்தது பாயில் மாறிவிடும், பாயில் வந்தது கண்ணாடி மேசையில் மாறிவிடும். பெர்சி டயகோனிஸ், ஜோசப் கெல்லர் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1989இல் இந்த வேறுபாட்டைத்தான் பிரித்துக் காட்டினார்கள்: எல்லாப் பக்கமும் ஒத்திருப்பதால் வருகிற நேர்மை வேறு, அளவை நகர்த்தி வரவழைக்கிற நேர்மை வேறு. இரண்டாவது, எப்படி, எதன் மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். தாயம் வீட்டுத் திண்ணையிலும் ஆடப்படும், மொட்டை மாடியிலும் ஆடப்படும். அதனால் நீளக் கட்டைதான்.

மரம் தேக்கு போதும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும். காழும் (உள்மரமும்) வெளிமரமும் கலந்த துண்டு வேண்டாம். நிறம் மாறும் இடத்தில் பெரும்பாலும் கனமும் மாறும், கட்டை ஒரு பக்கமாகவே சாயும். இரண்டு கட்டையும் ஒரே துண்டிலிருந்து வரட்டும்.

16 மில்லிமீட்டர் விட்டத்தில் 62 மில்லிமீட்டர் நீளத்துக்கு உருளையாகக் கடையுங்கள். இரண்டு முனையிலும் 6 மில்லிமீட்டரைக் கூம்பாக்கிவிடுங்கள், அப்போதுதான் நட்டுக்குத்தலாக நிற்காது. 16 என்று சொன்னதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த உருளையின் சுற்றளவு 50 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மெல்லிய காகித நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தில் வெட்டி, விரித்து, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் ஐந்து பாகம் கிடைத்துவிடும். மிச்சமிருக்கும் துளியை ஐந்துக்கும் பகிர்ந்துவிடுங்கள். நாடாவைத் திரும்பச் சுற்றி, கோடுகளைக் கட்டையின் மேல் நீளமாக இழுத்துவிடுங்கள். இந்த ஐந்து கோடுகளும் கடைசியில் விளிம்புகளாக நிற்க வேண்டியவை. கோட்டைத் தொடாமல் இடைப்பட்ட இடத்தை அரத்தால் தட்டையாக்க வேண்டும். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போகும்.

அளக்கும்போதுதான் நான் முதலில் தவறினேன். நாலு பக்கக் கட்டையில் தட்டைக்குத் தட்டை அளக்கலாம். ஐந்தில் ஒரு தட்டைக்கு நேர் எதிரே விளிம்புதான் இருக்கும். ஆகவே வெர்னியர் அளவுகோலில் தட்டையிலிருந்து எதிர் விளிம்புக்கு அளக்க வேண்டும். ஐந்து இடத்திலும் 14.5 மில்லிமீட்டர் வர வேண்டும். தட்டைகளின் அகலமும் ஒன்றாக, சுமார் 9.4 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். அப்புறம் எல்லா விளிம்புக்கும் உப்புத்தாளால் எண்ணி மூன்று இழுப்பு. ஒரு விளிம்புக்கு நாலு, இன்னொன்றுக்கு இரண்டு என்று கை போகக் கூடாது.

இன்னும் எண் போடாதீர்கள். விளிம்புகளில் பென்சிலால் 1, 4, 2, 5, 3 என்று வரிசையாகக் குறித்து, 500 முறை போட்டு, எந்த விளிம்பு மேலே வருகிறது என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. நான் போட, அக்கா மகள் கோடு போட்டாள். முதல் கட்டையில் வந்தது இது: 1 என்பது 91 முறை, 2 என்பது 78, 3 என்பது 108, 4 என்பது 126, 5 என்பது 97. ஒவ்வொன்றும் 100 வர வேண்டும். ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதே எண்ணால் பெருக்கி, 100ஆல் வகுத்து, ஐந்தையும் கூட்டினால் 13.14. ஐந்து பக்கத்துக்கு இந்தக் கூட்டுத்தொகை 9.49ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். நேர்மையான கட்டையில் இருபதில் ஒரு தடவைதான் அதைத் தாண்டும். வெர்னியரை எடுத்து அளந்தேன். 4இன் விளிம்புக்கு எதிரே உள்ள தட்டை 10.1, 2இன் விளிம்புக்கு எதிரே உள்ளது 8.7. இரண்டும் அடுத்தடுத்த தட்டைகள். நடுவில் உள்ள விளிம்பு கோட்டை விட்டு நகர்ந்திருந்தது. அகலமான தட்டை அதிகமாகத் தரையில் படியும், அதன் எதிர் விளிம்பு அதிகமாக மேலே வரும். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கட்டையைத் திருத்தவில்லை, புதிதாகச் செய்தேன்.

எண்ணைப் படிப்பது அடுத்த சிக்கல். மேலே தட்டை வராது, விளிம்புதான் வரும். ஆகவே ஒவ்வொரு விளிம்பின் இரு புறமும் அதே எண்ணுக்குரிய குழிகளைப் போடுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். குழி ஆழமானால் அங்கே கனம் குறையும். நான் கருப்பு அரக்கை உருக்கி நிரப்பி, தட்டையோடு தட்டையாகத் தேய்த்துவிடுகிறேன்.

எந்த எண்கள் என்பதில் அவசரப்படாதீர்கள், ஆட்டமே அதில்தான் இருக்கிறது. பழைய கட்டையில் 0, 1, 2, 3. இரண்டைப் போட்டால் 16 விதமாக விழலாம், அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, 2 விதம். புதுக்கட்டைக்கு 0, 1, 2, 3, 4 என்று நான் முதலில் போட்டேன். 25இல் 2 விதம்தான் தாயம். காய் இறங்கவே இல்லை. குழந்தைகள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்து 0, 1, 1, 2, 3 என்று வைத்தேன். இப்போது 25இல் 4 விதம் தாயம், பழையதைவிடச் சற்று அதிகம். இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டோ 16இல் 1 என்பதிலிருந்து 25இல் 1 ஆக அரிதாகிவிட்டது. விழுந்தால் வீடே கத்துகிறது. எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது. இரண்டு ஒன்றுகளும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் 1, 0, 1, 3, 2 என்று சுற்றிலும் வையுங்கள்.

போடும் விதத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். "தேய்ச்சு உருட்டுட்டி, வீசாத" என்பாள் எங்கள் ஆச்சி. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி, கட்டை குறைந்தது இரண்டு சுற்றாவது உருளும்படி விட வேண்டும். வெறுமனே கீழே வைத்தால் எந்த வடிவமும் உதவாது. பித்தளையைவிட மரம் மெல்லச் சத்தமிடும். ஐந்து பக்கம் என்பதால் நாலு பக்கக் கட்டையைவிட ஒரு சாண் அதிகமாக ஓடும், களத்துக்கு வெளியே இடம் விட்டு உட்காருங்கள்.