மெஷ் மாறினால் விடையும் மாறுகிறதா? கான்கிரீட் விரிசலை மாடல் செய்வது எப்படி

ஃபைனைட் எலிமென்ட் கணக்கீட்டில் கட்டமைப்பைச் சின்னச் சின்ன எலிமென்ட்டுகளாகப் பிரிக்கும் வலைதான் மெஷ். கம்பியில்லாத கான்கிரீட் பீம் ஒன்றை 50 மி.மீ. எலிமென்ட்டில் ஓட்டினால் ஒரு உச்சச் சுமை, 25 மி.மீ.யில் ஓட்டினால் வேறொன்று என்று வருகிறதா? விரிசல் விட்ட பிறகான தகைவை (ஸ்ட்ரெஸ்) திரிபுக்கு (ஸ்ட்ரெய்ன்) எதிராகக் கொடுத்திருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். விரிசல் ஒரே எலிமென்ட் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், எலிமென்ட் சிறுக்கச் சிறுக்க அது விழுங்கும் ஆற்றலும் குறைந்துகொண்டே போகும்.

1976இல் ஹில்லர்போர்க் என்ற ஆய்வாளரின் குழு காட்டிய வழி இன்றும் செல்லும்: தகைவை விரிசலின் அகலத்தோடு கட்டிவிடுங்கள். அந்த வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்புதான் முறிவு ஆற்றல், அதாவது ஓர் அலகுப் பரப்பு விரிசலை முழுதாகத் திறக்கச் செலவாகும் ஆற்றல்.

சரி, எம்30 தரக் கான்கிரீட்டை (கனசதுர அமுக்க வலிமை 30 மெகாபாஸ்கல்) எடுத்துக்கொள்வோம். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 தரும் 0.7√30, அதாவது 3.83 மெகாபாஸ்கல், வளைவில் கிடைக்கும் வலிமை; அதை அப்படியே நேரடி இழுவலிமை என்று போட்டுவிடுகிறார்கள், அது கூடுதல். இதற்கு ஏறக்குறைய சமமான யூரோகோடு சி25/30க்குச் சராசரி இழுவலிமை 2.6தான். முறிவு ஆற்றலுக்கு, சர்வதேச கான்கிரீட் அமைப்பான ஃபிப்பின் மாடல் கோட் 2010இன்படி, சராசரி அமுக்க வலிமையை (இங்கே 33 மெகாபாஸ்கல்) 0.18 அடுக்குக்கு உயர்த்தி 73ஆல் பெருக்குங்கள். மீட்டருக்கு 137 நியூட்டன் வரும், அதாவது மி.மீ.க்கு 0.137.

வளைகோட்டுக்கு நேர்கோடு போட்டால் 0.105 மி.மீ.யிலேயே வலிமை பூஜ்யமாகிவிடும். எனக்கு அடுக்குக்குறி வளைகோடுதான் பிடிக்கும், ஏனென்றால் உண்மையான கான்கிரீட் முதலில் சட்டென்று இறங்கி, ஜல்லிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அப்புறம் நீளமாக வால் விடும். இந்த எண்களுக்கு 0.05 மி.மீ.யில் சுமார் 1.0, 0.1 மி.மீ.யில் 0.39, 0.2 மி.மீ.யில் 0.06 மெகாபாஸ்கல்.

அபாகஸ் மென்பொருளில், விரிசலுக்குப் பிந்தைய இழுதகைவைக் கொடுக்கும் டென்ஷன் ஸ்டிஃபனிங் அட்டவணையில் டிஸ்ப்ளேஸ்மென்ட் வகையைத் தேர்ந்தெடுத்து இதை நேரடியாகக் கொடுக்கலாம். கடைசித் தகைவைப் பூஜ்யமாக்காமல் உச்சத்தில் 1 சதவீதமாவது விட்டுவையுங்கள். திரிபு மட்டுமே ஏற்கும் மென்பொருள் என்றால் அகலத்தை எலிமென்ட் அளவால் வகுங்கள்: 0.1 மி.மீ. என்பது 50 மி.மீ. எலிமென்ட்டில் 0.002, 25இல் 0.004. பஜாந்த், ஓ என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் சொன்ன விரிசல் பட்டை முறை இதுதான். மெஷ்ஷை மாற்றும் ஒவ்வொரு முறையும் அட்டவணையையும் மாற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கம்பி உள்ள இடத்தில் கான்கிரீட்டும் கம்பியும் பற்றிக்கொள்வதால் வரும் விறைப்பு வேறு கதை, அதை இந்த வளைகோட்டுக்குள் திணிக்காதீர்கள்.

பெரிய மாடலுக்குப் போகும் முன் ஒற்றை எலிமென்ட்டை இழுத்துப் பாருங்கள். விசையை வெட்டுமுகப் பரப்பால் வகுத்து, நீட்சிக்கு எதிராக வரைந்தால், கீழுள்ள பரப்பு 0.137க்குப் பக்கத்தில் வர வேண்டும், 0.07 வந்தால் எலிமென்ட் அளவை எங்கோ இரட்டிப்பாகப் போட்டிருக்கிறீர்களா என்று தேடுங்கள்.