மைல் டிக்கெட்டில் ஐரோப்பா: திருவனந்தபுரத்தை மட்டும் தேடாதீர்கள்

நாகர்கோவில்காரர்கள் மைல் டிக்கெட் (விமான நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகளான மைல்களைக் கொடுத்து எடுக்கும் டிக்கெட்) தேடும்போது திருவனந்தபுரத்தோடு பெங்களூரையும் புறப்படும் இடமாகப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. விமான நிறுவனம் மைலுக்கென ஒதுக்கும் எகானமி இருக்கைகளை அவற்றிலும் தேடலாம். நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் பெங்களூர்.

ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான ஃப்ளையிங் புளூ திட்டத்தில் மாதந்தோறும் சில தடங்களுக்கு மைல் தள்ளுபடி வரும். இருக்கை கண்ணில் பட்ட பிறகே கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளை மைலாக மாற்றுங்கள். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது.

கணக்கு எளிது: ரொக்க விலையில் வரியைக் கழித்து, மைலால் வகுக்கவும். உதாரணமாக டிக்கெட் 48,000 ரூபாய், மைல் வழியில் 25,000 மைலும் 18,000 ரூபாய் வரியும் என்றால், மைலுக்கு 1.20 ரூபாய். அதே புள்ளிக்குக் கார்டு நிறுவனம் வேறு வழியில் அதைவிடக் கூடுதலாகத் தந்தால் விட்டுவிடுங்கள்.

திரும்பும் பயணத்தை லண்டனில் தொடங்க வேண்டாம். பிரிட்டனிலிருந்து புறப்படுவோருக்கான பயணி வரி மைல் டிக்கெட்டுக்கும் உண்டு (எகானமியில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு).

நாலு பேர் குடும்பமாக மே விடுமுறையில் போவதென்றால் இது உதவாது. ஒரே விமானத்தில் நாலு மைல் இருக்கை கிடைப்பது அபூர்வம். ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது, ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.